உயிருள்ள செல்களை அச்சிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயோபிரிண்டிங் பற்றிப் பேச்செடுத்தாலே "சிறுநீரகம் எப்போது அச்சிடுவார்கள்?" என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்தில் பாதிக்கு மேல் செல்களைச் சுமந்து செல்லும் ஜெல்லைப் பற்றியே இருக்கும். அச்சிட்ட செல் பிழைக்குமா, பிழைத்து வேலை செய்யுமா என்பதைப் பெரும்பாலும் அந்த ஜெல்தான் தீர்மானிக்கிறது.

செல்களை அச்சிடுவது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

ஆய்வகத்தில் வளர்த்த செல்களை, தண்ணீர் நிறைந்த ஒரு ஜெல்லில் கலக்கிறார்கள். இந்தக் கலவைக்குப் பயோஇங்க் என்று பெயர். ஒரு மில்லிலிட்டரில் பத்து லட்சம் முதல் ஒரு கோடி செல்கள் வரை இருப்பது சகஜம். கணினி சொல்லும் பாதையில் ஊசி நகர்ந்து இதை இழை இழையாக வைக்கும். வைத்தவுடன் ஜெல் இறுக வேண்டும். அதன்பின் அது ஊட்டக் கரைசலில், 37 டிகிரி சூட்டில், நாள்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் இருக்கும்.

அச்சிடும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தங்களைச் சுற்றிச் சொந்தப் புரதங்களைப் பின்னித் திசுவாக மாறுவது அதன்பின் நடப்பது. வீடியோக்களில் அந்தப் பகுதி வராது, பார்க்க ஒன்றும் இருக்காது என்பதால்.

ஊசி வழியே தள்ளுவது ஒரு முறைதான். இங்க்ஜெட் போலத் துளி துளியாகத் தெளிப்பது, லேசர் துடிப்பால் துளிகளை எற்றுவது, ஒளியைப் பாய்ச்சி அடுக்கடுக்காக இறுகவைப்பது என்று வேறு வழிகளும் உண்டு.

சாதாரண 3டி பிரிண்டரில் போடும் பிளாஸ்டிக்கில் செல்களைக் கலந்தால் என்ன?

அந்த பிரிண்டர்களில் அதிகம் ஓடும் பிஎல்ஏ பிளாஸ்டிக்கை ஏறக்குறைய 200 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். செல்லுக்கு 42, 43 டிகிரியே தொல்லை. பிசிஎல் என்ற பிளாஸ்டிக் 60 டிகிரியில் உருகும். அதுவும் செல்லுக்கு அதிகம்தான். ஆனாலும் செல் இருக்கும் ஜெல்லுக்குப் பக்கத்தில் ஒரு சட்டமாக அதை அச்சிடுகிறார்கள். இழை மெல்லியது, சீக்கிரம் ஆறிவிடும் என்பதால் அடுத்திருக்கும் செல்கள் தப்பிக்கின்றன.

இது எப்போது தொடங்கியது?

1988ல் ராபர்ட் கிளீப் என்ற ஆய்வாளர், ஹியூலெட்-பேக்கார்ட் இங்க்ஜெட் பிரிண்டரில் மைக்குப் பதிலாக ஃபைப்ரோனெக்டின் என்ற புரதத்தை வைத்து அச்சிட்டார். செல்கள் அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. ஆக, அச்சிட்ட இடத்தில் செல்கள் வந்து அமர்ந்தன. 2003ல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் குழு, மாற்றியமைத்த இங்க்ஜெட் பிரிண்டரில் செல்களையே அச்சிட்டது. சூட்டால் துளியை உந்தும் இங்க்ஜெட்டில் அந்தச் சூடேற்றி நூற்றுக்கணக்கான டிகிரிக்குப் போகும். ஆனால் அது சில மைக்ரோவினாடிதான். மொத்த மையும் சூடாவதற்குள் துளி வெளியேறிவிடும், செல்களில் பெரும்பகுதி பிழைத்துக்கொள்ளும். கேட்டால் நம்ப முடியாததுபோல் இருந்தாலும் நடப்பது அதுதான்.

'மென்மையான பொருள்' என்றால் தொட்டால் மெத்தென்று இருப்பதா?

இந்தச் சொல் மூன்று வேறு விஷயங்களுக்கு ஓடுகிறது. குழப்பங்கள் பாதி அங்கிருந்துதான் வருகின்றன. ஜெல் நெகிழ்வாக இருப்பது ஒன்று. அதை இறுகவைக்கும் வழி செல்லைத் துன்புறுத்தாமல் இருப்பது இன்னொன்று: சூடு, அமிலம், கரைப்பான், கடும் புறஊதா ஒளி எதுவும் கூடாது, அமில-காரநிலை 7.4 பக்கத்தில், உப்புச் செறிவு உடலில் உள்ளதுபோல் இருக்க வேண்டும். மூன்றாவது, உடலுக்குள் வைத்தபின் அந்தப் பொருளும் அது சிதைந்து உருவாகும் துண்டுகளும் தீங்கு செய்யாமல் இருப்பது. உயிரி இணக்கம் என்று சொல்வது முக்கியமாக இதை.

ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று இல்லை. சில பொருள்கள் இறுகிய பின் செல்லுக்கு முழுக்கப் பாதுகாப்பானவை, ஆனால் இறுகும் அந்த ஒரு நிமிடம் கொடுமை. மேலும், ஒரு பொருளை "உயிரி இணக்கமானது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எங்கே, எதற்காக, எவ்வளவு காலம் வைக்கிறோம் என்பதோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். மருத்துவப் பொருள்களுக்கான சர்வதேசத் தரநிர்ணயமான ஐஎஸ்ஓ 10993ம் எந்தச் சோதனைகள் தேவை என்பதை, பொருள் உடலின் எந்தப் பகுதியை எவ்வளவு காலம் தொடும் என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

எல்லாரும் ஏன் ஆல்ஜினேட்டில் ஆரம்பிக்கிறார்கள்?

மலிவு, சுலபம், உடனே பலன் தெரியும். ஆல்ஜினேட் என்பது பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதன் கரைசலில் கால்சியம் அயனி பட்டதும், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை அது பிணைத்துவிடும். சில நொடிகளில் திரவம் ஜெல்லாகிறது. சூடும் ஒளியும் தேவையில்லை. செல்லின் பார்வையில் இதைவிடச் சாதுவான வழி அரிது.

ஆனால் இரண்டு குறைகள் இருக்கின்றன. ஒன்று, ஆல்ஜினேட்டில் செல் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. நம் செல்களின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற பிடிப்புப் புரதங்கள் இருக்கின்றன. அவை சுற்றியுள்ள புரதங்களில் ஆர்ஜிடி என்னும் மூன்று அமினோ அமில வரிசையைத் தேடும். கடற்பாசிக்கு அது எதற்கு? எனவே ஆல்ஜினேட்டுக்குள் செல் உருண்டையாக, சாகாமல், ஆனால் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். எலும்பு, தசை, தோல் செல்களுக்கு இது ஆகாது. குருத்தெலும்புச் செல்லுக்கு மட்டும் உருண்டையாக இருப்பதே இயல்பு, அதனால் அது இங்கே சௌகரியமாக இருக்கிறது. அதோடு, ஆல்ஜினேட்டை அறுக்கும் நொதி பாலூட்டிகளிடம் இல்லை. செல் தனக்கு வழி வெட்டிக்கொண்டு நகர முடியாது.

இரண்டாவது குறை அன்றாட வேலையில் கடிக்கும். ஊட்டக் கரைசலில் இருக்கும் சோடியம், கால்சியத்தின் இடத்தை மெல்லப் பிடிக்கும். பாஸ்பேட் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும். முதல் நாள் கச்சிதமாக இருந்த வலைப்பின்னல் சில நாள்களில் வீங்கித் தளர்ந்துவிடும். பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில் பழக்கதோஷத்தில் அலசி, ஜெல் ஏன் கரைகிறது என்று விழிப்பவர்கள் ஏராளம். அலசும் கரைசலில் கொஞ்சம் கால்சியம் சேர்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்காகக் கால்சியம் குளோரைடில் நெடுநேரம் ஊறப்போடுவதும் தவறு. அளவு மீறிய கால்சியம் செல்லைக் கொல்லும்.

என் கருத்தைக் கேட்டால், ஆல்ஜினேட் பிரிண்டரைப் பழகுவதற்கு அருமையான பொருள். திசு வேண்டுமென்றால் அதில் ஆர்ஜிடி துண்டுகளை ஒட்ட வேண்டும், அல்லது ஜெலட்டினோ கொலாஜனோ சேர்க்க வேண்டும்.

அப்படியென்றால் நேரடியாகக் கொலாஜனையே பயன்படுத்தலாமே?

செல்லிடம் ஓட்டு கேட்டால் கொலாஜன்தான் ஜெயிக்கும். உடலில் அதிகம் உள்ள புரதமே அதுதான். சிக்கல் பிரிண்டருக்கு. கொலாஜனைக் குளிர்ச்சியில், அமிலத்தில் கரைத்து வைத்து, அமிலத்தை முறித்து, 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் இறுகும். அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அதற்குள் அச்சிட்ட இழை பரவி ஓடிவிடும்.

ஜெலட்டின் என்பது கொலாஜனைச் சிதைத்துப் பெறுவது. செல் பிடிக்கும் இடங்கள் அதில் உண்டு, குளிரவைத்தால் உடனே இறுகும், அச்சிட நன்றாக வரும். ஆனால் 37 டிகிரியில் உருகிவிடும்! செல்லுக்குத் தேவையான சூட்டில்தான் அது கரைகிறது. ஃபைப்ரின், காயத்தில் ரத்தம் உறையும்போது உருவாகும் அதே வலை. ஃபைப்ரினோஜென், த்ராம்பின் என்ற ரத்தப் புரதங்கள் சேர்ந்தால் உருவாகும். செல்கள் அதில் குதூகலமாகப் பரவும், ஆனால் வேகமாகத் தின்றும் தீர்த்துவிடும். ஹயலூரோனிக் அமிலம் நம் மூட்டுத் திரவத்திலேயே இருப்பது. தனியாக இறுகாது என்பதால் வேதிமாற்றம் செய்து பயன்படுத்துகிறார்கள். உறுப்பிலிருந்து செல்களைக் கழுவி நீக்கி, மிஞ்சும் கட்டமைப்பைக் கரைத்து ஜெல்லாக்கும் வழியும் உண்டு. அந்தந்த உறுப்பின் புரதச் சேர்க்கை அதில் இருக்கும், ஆனால் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும்.

தனியாக எல்லாத் தகுதியும் உள்ள பொருள் இன்னும் கிடைக்கவில்லை. ஆய்வகங்களில் நிஜமாக ஓடுவது கலவைகள்தான்.

ஒளியால் இறுகும் ஜெல் என்கிறார்களே, செல் பாதிக்கப்படாதா?

ஜெலட்டின் உருகும் சிக்கலுக்கு வந்த தீர்வு அது. ஜெலட்டினில் மெத்தாக்ரிலேட் குழுக்களை ஒட்டினால் கிடைப்பது ஜெல்மா. ஒளி பட்டதும் பிணைப்பைத் தொடங்கிவைக்கும் வேதிப்பொருளான ஒளித்தூண்டியைக் கொஞ்சம் சேர்த்து ஒளி காட்டினால் சங்கிலிகள் நிரந்தரமாகப் பிணைந்துவிடும், 37 டிகிரியிலும் உருகாது.

பயப்பட வேண்டியது ஒளிக்கு மட்டுமில்லை. ஒளித்தூண்டி உடையும்போது வரும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்கள், எதனோடும் சட்டென்று வினைபுரியும் மூலக்கூறு துண்டுகள்) ஜெல்லைப் பிணைப்பதோடு செல்லின் சவ்வையும் டிஎன்ஏவையும் தாக்கக்கூடியவை. பழைய தூண்டியான இர்காக்யூர் 2959க்கு 365 நானோமீட்டர் புறஊதா ஒளி வேண்டும், அதையும் அது சரியாக உறிஞ்சுவதில்லை. எல்ஏபி என்ற தூண்டி தண்ணீரில் நன்றாகக் கரையும், 405 நானோமீட்டர் ஊதா ஒளியிலேயே வேலை செய்யும். இதனால் ஒளியின் அளவையும் நேரத்தையும் வெகுவாகக் குறைக்க முடிந்தது. புதிதாகத் தொடங்குபவர் இர்காக்யூரைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

ஊசி வழியாகத் தள்ளும்போது செல்கள் நசுங்கிவிடாதா?

செல்லின் அளவு 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஊசியின் துளை பெரும்பாலும் 200 முதல் 400 மைக்ரோமீட்டர். இடம் தாராளம். நசுங்குவது பிரச்சினையே இல்லை. உராய்வும் இழுப்பும்தான் பிரச்சினை. ஊசிச் சுவரை ஒட்டி ஓடும் ஜெல் மெதுவாகவும் நடுவில் ஓடுவது வேகமாகவும் போகிறது. அந்த வேக வித்தியாசம் செல்லை முறுக்கும். ஊசித் துளையின் விட்டத்தைப் பாதியாக்கி, அதே நேரத்தில் அதே அளவு மை வெளியேற வேண்டும் என்றால், தண்ணீர் போன்ற எளிய திரவத்துக்கு 16 மடங்கு அழுத்தம் தேவை; சுவரில் உராய்வு 8 மடங்காகும். கூர்மையான கோடு வேண்டும் என்று மெல்லிய ஊசிக்கு மாறுபவர் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

நல்ல பயோஇங்க் இந்த விஷயத்தில் பற்பசையைப் போல நடந்துகொள்ளும்: அழுத்தினால் இளகி ஓடும், விட்டதும் வடிவம் நிற்கும். ஓடும்போது இளகுவதால் தேவையான அழுத்தமும் குறைகிறது.

இன்னொரு விஷயமும் தெரியவந்தது. அகலமான சிரிஞ்சிலிருந்து குறுகிய ஊசிக்குள் நுழையும் வாசலில் செல் திடீரென்று நீளவாக்கில் இழுபடும், அதுவே பெரும் சேதம் செய்கிறது என்று 2012ல் ஸ்டான்ஃபோர்டில் சாரா ஹைல்ஷார்ன் குழு காட்டியது. செல்களை வெறும் திரவத்தில் அல்லாமல், லேசாக இறுகிய ஆல்ஜினேட் ஜெல்லில் வைத்துத் தள்ளினால் சேதம் குறைந்தது. சுவரை ஒட்டிய ஜெல் மட்டும் வழுக்கிக்கொடுக்க, நடுப்பகுதி ஒரே கட்டியாக நகர்வதே காரணம். அதாவது ரொம்பத் தண்ணியான மையும் செல்லுக்கு நல்லதில்லை. கூம்பு வடிவ ஊசிமுனைகள் பலருக்குப் பிடித்துப்போனதற்கும் காரணம் இருக்கிறது: அதே துளைக்குக் குறைந்த அழுத்தமே போதும்.

இவ்வளவு நெகிழ்ந்த ஜெல் சரிந்துவிடாமல் எப்படி நிற்கிறது?

காற்றில் அச்சிட்டால் சரியத்தான் செய்யும். அதற்காக ஜெல்லைக் கெட்டியாக்கினால் அச்சு அழகாக வரும், உள்ளே செல் மூச்சுத்திணறும். இந்த இழுபறியிலேயே துறை வெகுகாலம் நின்றது.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பெர்க் குழு 2015ல் ஒரு வழி சொன்னது. ஜெலட்டின் துகள்களால் ஆன ஒரு குழம்புத் தொட்டிக்குள் ஊசியை விட்டு அச்சிடுவது. ஊசி நகரும்போது துகள்கள் வழிவிடும், நகர்ந்ததும் மூடிக்கொள்ளும். வைத்த இழை வைத்த இடத்தில் தொங்கியபடி நிற்கும். அச்சு இறுகிய பின் தொட்டியை 37 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஜெலட்டின் உருகி வெளியேறிவிடும். மேலே குறையாகச் சொன்ன அதே உருகும் குணம் இங்கே பயனாகிவிட்டது. 2019ல் அவர்கள் இந்த முறையில் கொலாஜனைக் கொண்டு இதய வால்வு உள்ளிட்ட இதயப் பகுதிகளை அச்சிட்டுக் காட்டினார்கள். என்னைக் கேட்டால், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தத் துறையில் வந்த மிக உபயோகமான யோசனை இதுதான். பிரிண்டருக்காகப் பொருளைக் கெடுக்கும் கட்டாயத்தை இது தளர்த்தியது.

"95 சதவீதம் செல்கள் உயிரோடு உள்ளன" என்றால் நம்பலாமா?

எப்போது பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். வழக்கமான சோதனையில் இரண்டு சாயங்கள். கால்சீன் ஏஎம் உயிருள்ள செல்லுக்குள் பச்சையாக ஒளிரும். இன்னொன்று சவ்வு கிழிந்த செல்லில் மட்டும் நுழைந்து சிவப்பாக ஒளிரும். பச்சையையும் சிவப்பையும் எண்ணிச் சதவீதம் போடுகிறார்கள்.

அச்சிட்ட ஒரு மணி நேரத்தில் எடுத்த எண், சவ்வு கிழியவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. அடிபட்ட செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் முடிவுக்கு வரப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேல் ஆகும். இறந்து கரைந்துபோன செல், அலசலில் அடித்துச் செல்லப்பட்ட செல் எதுவும் கணக்கில் வராது. நூறு செல்லில் அறுபது காணாமல் போய், மிச்ச நாற்பதில் முப்பத்தெட்டு பச்சையாக இருந்தாலும் அறிக்கையில் 95 சதவீதம்தான்.

ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். மொத்த டிஎன்ஏ அளவு கூடியிருக்கிறதா? செல் கைகால் நீட்டிப் பரவியிருக்கிறதா, உருண்டையாகவே கிடக்கிறதா? கல்லீரல் செல்லென்றால் அல்புமின் என்ற புரதத்தைச் சுரக்கிறதா, தசை செல்லென்றால் சுருங்குகிறதா? அதே ஜெல்லில் அச்சிடாமல் வெறுமனே வார்த்த ஒரு மாதிரியை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆய்வில், சேதத்துக்குக் காரணம் ஊசியா ஜெல்லா என்றே சொல்ல முடியாது. அச்சின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒப்பீட்டைத்தான்.

ஜெல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பது செல்லுக்குத் தெரியுமா?

தெரியும், அதை வைத்து முடிவுகளும் எடுக்கும். 2006ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழு பலவகைச் செல்லாக மாறக்கூடிய ஒரே வகை ஸ்டெம் செல்லை வெவ்வேறு விறைப்புள்ள ஜெல்களில் வளர்த்தது. மூளைத் திசு போன்ற மிக நெகிழ்ந்த, ஒரு கிலோபாஸ்கலுக்கும் (விறைப்பை அளக்கும் அலகு) குறைந்த ஜெல்லில் நரம்பு செல் சாயல். பத்து கிலோபாஸ்கல் வாக்கில் தசைச் சாயல். 25 முதல் 40 வரை எலும்புச் சாயல். ஊட்டக் கரைசல் ஒன்றேதான். அச்சு நிற்கவில்லை என்று ஜெல்லின் அடர்த்தியைக் கூட்டும்போது, தெரியாமலே செல்லுக்கு வேறொரு கட்டளையும் போகிறது.

பெரிய திசுக்களை அச்சிடத் தடையாக இருப்பது எது?

ஆக்சிஜன். ரத்தக் குழாயிலிருந்து 100, 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் இருக்கும் செல்லுக்கு அது போய்ச் சேராது. சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜெல் கட்டியில் உள்ளிருக்கும் செல்கள் பட்டினியால் சாகும்.

அதனால் முதலில் குழாயை அச்சிட்டு, பின் கரைத்துவிடும் உத்தி வந்தது. 2012ல் ஜோர்டன் மில்லர், கிறிஸ்டோபர் சென் உள்ளிட்டோர் சர்க்கரைக் கண்ணாடியால் வலை அச்சிட்டு, அதைச் சுற்றிச் செல் கலந்த ஜெல்லை வார்த்து, சர்க்கரையைக் கரைத்து வெளியேற்றினார்கள். ஹார்வர்டில் ஜெனிஃபர் லூயிஸ் குழு புளூரோனிக் என்ற பொருளைப் பயன்படுத்தியது. அது தலைகீழ் ஆசாமி: அறை வெப்பத்தில் ஜெல், குளிரவைத்தால் திரவம். குளிர்வித்து உறிஞ்சி எடுத்ததும் அந்த வெற்றுக் குழாய்க்குள் ரத்தக் குழாய் உட்சுவர் செல்களைப் படரவிடுகிறார்கள். 2019ல் மில்லரும் கெல்லி ஸ்டீவன்ஸும் ஒளி முறையில் நுரையீரல் காற்றுப்பை போன்ற ஒரு மாதிரியைச் செய்தபோது, ஒளி தேவைக்கு மேல் ஆழமாகப் போகாமல் தடுக்கப் பயன்படுத்தியது டார்ட்ரசின், உணவில் போடும் மஞ்சள் சாயம். நச்சில்லாத ஒளித்தடுப்பான் வேண்டும் என்ற தேடலுக்கு அப்படி ஒரு விடை.

நுண்குழாய் வரை எல்லாவற்றையும் அச்சிடுவது இன்னும் கைகூடவில்லை. பெரிய குழாய்களை அச்சிட்டு, சிறியவற்றைச் செல்களே முளைக்கவிட வேண்டும் என்பதே இப்போதைய நம்பிக்கை. அதற்கும் செல் வெட்டி நகரக்கூடிய ஜெல் வேண்டும்.

மனிதருக்கு எதையாவது பொருத்தியிருக்கிறார்களா?

2022 ஜூனில் 3டிபயோ தெரபியூடிக்ஸ் நிறுவனம், பிறவியிலேயே வெளிக்காது வளராத ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தக் குருத்தெலும்புச் செல்களை வைத்து அச்சிட்ட காதைப் பொருத்தியதாக அறிவித்தது. குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை. முதலில் காது வந்ததற்கு அது முக்கியக் காரணம்.

அச்சிட்ட சிறுநீர்ப்பை என்று அடிக்கடி பரவும் செய்தி சரியல்ல. ஆண்டனி அட்டாலா குழு 2006ல் வெளியிட்ட அந்தச் சிறுநீர்ப்பைகள், மட்கும் சட்டத்தில் கையால் செல்களை விதைத்து வளர்த்தவை. பிரிண்டர் எதுவும் இல்லை. 2019ல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டால் டிவிர் குழு அச்சிட்ட இதயமும் முயல் இதயத்தின் அளவுதான். செல்கள் சுருங்கின, ஆனால் ஒத்திசைந்து ரத்தத்தை இறைக்கவில்லை.

சரி, சிறுநீரகம் எப்போது?

ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்பவரை நம்ப வேண்டாம். மருந்துச் சோதனைக்கான சிறு திசுக்கள் இப்போதே பயனில் இருக்கின்றன. புதிய மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசம்பரில் தளர்த்தியதும் அந்தப் பக்கம் கவனம் கூடியிருக்கிறது.

விலங்குப் பொருள் இல்லாமல் செய்ய முடியுமா?

ஜெலட்டினும் கொலாஜனும் பெரும்பாலும் பன்றி, மாடு, எலி, மீன் ஆகியவற்றிலிருந்து வருபவை. ஆய்வகங்களில் பிரபலமான மேட்ரிஜெல் என்ற புரத ஜெல் சுண்டெலியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுப்பது. செல்களுக்கு அது சொர்க்கம், மனித உடலில் வைக்கத் தகாது. மரபணு மாற்றிய புகையிலைச் செடியில் மனிதக் கொலாஜனை உருவாக்கும் நிறுவனம் இருக்கிறது, கால்பிளான்ட் என்று பெயர். தூய்மை, தொகுதிக்குத் தொகுதி மாறாத தன்மை இரண்டுக்காகவும் இந்த வழி எனக்குப் பிடிக்கிறது.

சொந்தமாகத் தொடங்க நினைப்பவருக்கு?

சாதாரண 3டி பிரிண்டரில் சிரிஞ்சைத் தள்ளும் கருவியைப் பொருத்திப் பழகலாம். முதலில் செல் இல்லாமல், ஆல்ஜினேட்டும் உணவுச் சாயமும் வைத்து, இழையின் அகலம், அழுத்தம், வேகம் மூன்றும் பிடிபடும்வரை அச்சிடுங்கள். செல்லுக்குப் போகும்போது கிருமிநீக்கம்தான் முதல் சுவர். ஆல்ஜினேட்டை உயர் அழுத்த நீராவியில் போட்டால் சங்கிலிகள் அறுந்து மை தண்ணியாகிவிடும். நீர்த்த கரைசலாக 0.22 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்தி, பின் உறையவைத்து உலர்த்தித் தேவையான செறிவில் மீண்டும் கரைப்பது நேரம் தின்னும் வேலை, ஆனால் மை கெடாது. செல்களைக் கடைசியில், கலவையில் காற்றுக் குமிழ் வராமல், மெதுவாகக் கலக்குங்கள். சிரிஞ்சில் ஏற்றியபின் நேரத்தைக் கடத்தாதீர்கள், அடியில் படிய ஆரம்பித்துவிடும்.